அறுவைச் சிகிச்சையும் முதியோரின் அறிவுத் தெளிவும்

(ஊராட்சி உறுப்பினர்களின் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



சாலை, குடிநீர், தெருவிளக்கு, பண்ணைக்குட்டை ஆகியவற்றைப் பற்றியே பேசிப் பழகிய ஒரு வளர்ச்சி அலுவலன், இன்று மருத்துவத்தைப் பற்றிப் பேச முன்வந்திருப்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். நான் மருத்துவன் அல்லன். மருத்துவர்களைக் கேட்டும், மருத்துவ ஏடுகளில் வந்த ஆராய்ச்சிகளைப் படித்தும் அறிந்தவற்றையே கூறப் போகிறேன். இப்பொருள் மருத்துவமனைச் சுவர்களுக்குள் அடங்கிவிடுவதன்று. அது வீட்டுத் திண்ணைக்கும் வருகிறது. பத்திரப் பதிவு அலுவலகத்திற்கும் போகிறது. ஈற்றில் பஞ்சாயத்தின் முன்னும் வந்து நிற்கிறது.

கிராமங்களுக்குச் செல்லும்போது இருவகைப் பேச்சுகள் என் காதில் விழுகின்றன. "அப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது, ஆபரேஷன் செய்தார்கள், மறுநாள் பெற்ற பிள்ளையையே யாரென்று கேட்டார்" என்பது ஒன்று. "மயக்க மருந்து கொடுத்தால் வயதானவர்களுக்கு மூளை கெட்டுவிடும், ஆகையால் ஆபரேஷனே வேண்டாம்" என்பது மற்றொன்று. முதற் பேச்சில் உண்மை உண்டு. இரண்டாவது பேச்சு அவ்வுண்மையிலிருந்து பிறந்த தவறான முடிவு. இவ்விரண்டையும் பிரித்தறியாமையால், செய்ய வேண்டிய சிகிச்சையைச் செய்துகொள்ளாமல் படுக்கையிலேயே நலியும் முதியோர் உண்டு. சிகிச்சைக்குப் பின் சில நாள் தடுமாறியதற்காகப் "புத்தி கெட்டவர்" என்ற பெயரைச் சுமந்து, சொல்லும் செல்லாமல் சொத்தும் இல்லாமல் ஒதுங்கிக் கிடக்கும் முதியோரும் உண்டு. இவ்விரு தீங்குகளையும் பெருமளவு தடுக்க நம்மால் இயலும் என்பதே நான் சொல்ல வந்த செய்தி.

மயக்க மருந்து எனும் கொடை

முதலில், மயக்க மருந்து மனித குலத்திற்குக் கிடைத்த பெருங்கொடை என்பதை நாம் மறத்தலாகாது. 1846-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள், அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், வில்லியம் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஒரு நோயாளிக்கு ஈதர் ஆவியைச் சுவாசிக்கக் கொடுத்தார். அறுவை மருத்துவர் அவருடைய கழுத்திலிருந்த கட்டியை அறுத்தார். மறு ஆண்டிலேயே எடின்பரோ நகரில் ஜேம்ஸ் சிம்சன் குளோரோபாரத்தைப் பயன்படுத்தினார். அதற்கு முன்பெல்லாம் நோயாளியை நான்கு பேர் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, அவர் அலற அலற அறுப்பதே வழக்கமாக இருந்தது.

இன்று அந்தப் பழைய மருந்துகள் பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டன. பால் போன்ற வெண்ணிறமுடைய புரோபோபால் என்ற மருந்தை நரம்பில் செலுத்தியும், செவோபுளூரேன் போன்ற ஆவிகளைச் சுவாசிக்கச் செய்தும் முழு மயக்கம் தருகிறார்கள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப் போகச் செய்வது மற்றொரு முறை. அறுக்கும் இடத்தை மட்டும் மரக்கச் செய்வது மூன்றாவது முறை. நம் ஊர்ப் பெரியவர்கள் மிகுதியாகச் செய்துகொள்ளும் கண்புரைச் சிகிச்சைக்குப் பெரும்பாலும் இம்மூன்றாவது முறையே போதுமானது. கண்ணுக்கு மட்டும் மருந்திடும் அச்சிகிச்சையைக்கூட "மயக்க மருந்துக்குப் பயந்து" தள்ளிப்போடுவோர் பலர். அவர்களுக்கு இதை எடுத்துரைப்பது உங்கள் கடமை.

தடுமாற்றம் இருவகை

அறுவைக்குப் பின் முதியோருக்கு வரக்கூடிய அறிவுத் தடுமாற்றம் இருவகைப்படும்.

முதல் வகை, அறுவை முடிந்த சில மணி நேரத்திலிருந்து மூன்று நான்கு நாட்களுக்குள் திடீரெனத் தோன்றுவது. மருத்துவர்கள் இதை டெலிரியம் என்பர். காய்ச்சல் முற்றியவர் ஜன்னி கண்டு பிதற்றுவதை நாம் பார்த்திருக்கிறோம்; இதுவும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. பகலில் தெளிவாகப் பேசியவர் இரவில் தடுமாறுவார். மருத்துவமனையைத் தம் வீட்டுத் தொழுவம் என்று எண்ணி, மாட்டை அவிழ்க்கப் புறப்படுவார். இல்லாத ஆட்களோடு பேசுவார். கையில் ஏறும் மருந்துக் குழாயைப் பிடுங்குவார். இதிலேயே சத்தமில்லாத வகையும் உண்டு. அவ்வகையினர் கண்ணை மூடியே கிடப்பர், கேட்டால் விடை வராது, சோறும் இறங்காது. "பாவம், அமைதியாகத் தூங்குகிறார்" என்று உறவினர் விட்டுவிடுவர். ஆரவாரம் செய்பவரைவிட இப்படி அடங்கிக் கிடப்பவரே பெரும்பாலும் கவனிப்பாரின்றிப் போகிறார்.

இரண்டாவது வகை, வீட்டுக்குத் திரும்பிய பின் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் காணப்படும் மந்தம். பால் கணக்கைச் சட்டென்று போட்டவர் இப்போது திணறுவார். வைத்த சாவியைத் தேடுவார். பேச்சின் நடுவே சொல் மறந்து நிற்பார்.

இதை மருத்துவ உலகம் இன்று நேற்று கவனித்ததன்று. 1955-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தைச் சேர்ந்த பெட்போர்டு என்ற மருத்துவர், மயக்க மருந்தால் முதியோர் மூளைக்கு நேரும் தீய விளைவுகள் பற்றி "லான்செட்" என்ற ஏட்டில் எழுதினார். அறுவைக்குப் பிறகு இவர் பழைய ஆளாக இல்லை என்று உறவினர் சொல்வதை அலட்சியம் செய்யாமல் ஆராய்ந்தவர் அவர்.

பின்னர் 1998-ஆம் ஆண்டில் பல நாடுகள் சேர்ந்து நடத்திய ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. 60 வயது கடந்து, பெரிய அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 1,218 பேரின் அறிவுத் திறனை அறுவைக்கு முன்னும் பின்னும் சோதித்தனர். ஒரு வாரம் கழித்து 25.8 சதவீதத்தினருக்கு, அதாவது நால்வரில் ஒருவருக்கு, அறிவுத் திறன் குறைந்திருந்தது. மூன்று மாதம் கழித்து 9.9 சதவீதத்தினருக்கு, அதாவது பத்தில் ஒருவருக்கு, அக்குறை நீடித்தது. அறுவை ஏதும் செய்துகொள்ளாத ஒத்த வயதினரிடம் இக்குறை முறையே 3.4, 2.8 சதவீதமாகவே இருந்தது. ஆகவே அச்சத்துக்கு ஆதாரமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. அதே ஆராய்ச்சியில் பங்குகொண்டவர்களுள் 336 பேரை ஓராண்டு முதல் ஈராண்டு கழித்து மீண்டும் சோதித்த முடிவு 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அப்போது அறுவை செய்துகொண்டோருக்கும் செய்துகொள்ளாதோருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. பெரும்பாலோர் காலப்போக்கில் தேறிவிடுகின்றனர் என்பதே இதன் பொருள்.

மருந்துதான் குற்றவாளியா?

"சரி ஐயா, தடுமாற்றம் உண்மை என்கிறீர். அப்படியானால் மயக்க மருந்துதானே காரணம்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மயக்க மருந்துதான் முழுக் காரணம் என்றால், முழு மயக்கம் தராமல் முதுகில் ஊசி போட்டுச் செய்தவர்களுக்குத் தடுமாற்றம் வெகுவாகக் குறைய வேண்டும் அல்லவா? இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் இடுப்பெலும்பு முறிந்த 1,600 பேரை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு முதுகு ஊசியும் மற்றப் பிரிவினருக்கு முழு மயக்கமும் தருவதென ஏற்பாடு செய்தனர். 2021-இல் முடிவு வெளிவந்தது. டெலிரியம் கண்டவர்கள் முதுகு ஊசிப் பிரிவில் 20.5 சதவீதம், முழு மயக்கப் பிரிவில் 19.7 சதவீதம். சீன நாட்டில் 65 வயது கடந்த 950 பேரிடம் நடத்திய இதே போன்ற ஆராய்ச்சியில் 6.2 சதவீதமும் 5.1 சதவீதமும் ஆயின. இரண்டிலும் வேறுபாடு இல்லை என்றே சொல்ல வேண்டும். டென்மார்க்கில் இரட்டைப் பிறவிகள் 8,503 பேரை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டனர். பெரிய அறுவை செய்துகொண்டவர்களின் அறிவுத் திறனில் காணப்பட்ட குறை, கணக்கில் கொள்ளத் தகாத அளவு சிறியதாகவே இருந்தது.

மேலும், இக்கால மயக்க மருந்துகளின் வேகம் சில மணி நேரத்தில் தணிந்துவிடும். மூன்றாம் நாள் இரவு வரும் தடுமாற்றத்துக்கு அம்மருந்தை மட்டும் குறை கூறுவது பொருந்தாது. காரணங்கள் பல. அறுத்த புண்ணால் உடலில் எழும் அழற்சி மூளையையும் தாக்குகிறது. வலி, தூக்கமின்மை, உடலில் நீர் வற்றுதல், சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், நுரையீரலிலோ சிறுநீரிலோ கிருமி பற்றுதல், இரத்தத்தில் உப்புச் சத்துக் குறைதல், வலிக்கும் தூக்கத்திற்கும் கொடுக்கும் சில மருந்துகள் ஆகிய யாவும் ஒன்றுகூடியே அறிவைக் கலக்குகின்றன.

கோடைக் கிணறு

ஒரே மருத்துவமனை, ஒரே மருந்து, ஒரே அறுவை. இளைஞன் மறுநாளே சிரித்துப் பேசுகிறான், கிழவர் தடுமாறுகிறார். ஏன்? உங்கள் கிணற்றையே எண்ணிப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நீர் நிறைந்த கிணற்றில் நான்கு மணி நேரம் மோட்டார் ஓடினாலும் மட்டம் இறங்கியது தெரியாது. சித்திரையில் அதே மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் அடிச்சேறு தெரிகிறது. மோட்டாரின் மேல் குற்றமில்லை. ஊற்றில் இருப்புக் குறைவு. முதியவரின் மூளையும் அத்தகையதே. அன்றாட வாழ்க்கைக்குப் போதுமான நீர் இருக்கிறது. திடீர்ச் செலவைத் தாங்கும் இருப்பு இல்லை. ஏற்கெனவே மறதி உள்ளவர், காதும் கண்ணும் மங்கியவர், ஊட்டம் குறைந்தவர், பல மாத்திரைகள் உண்பவர், குடிப் பழக்கம் உடையவர், விழுந்து எலும்பு முறிந்து அவசரமாகக் கொண்டுவரப்பட்டவர் ஆகியோருக்கு இருப்பு இன்னும் குறைவு. கோடைக் கிணற்றை அறிந்த விவசாயி அளவறிந்து இறைப்பது போல, இவர்களை அறிந்து நடத்த வேண்டும்.

அலட்சியமும் கூடாது. இருதய அறுவை செய்துகொண்ட, 60 வயதும் அதற்கு மேலும் உடைய 225 பேரைப் பற்றிய ஆராய்ச்சி 2012-இல் வெளிவந்தது. டெலிரியம் கண்டவர்களுள் 40 சதவீதத்தினர் ஆறு மாதம் ஆகியும் பழைய அறிவுத் திறனை எட்டவில்லை. டெலிரியம் காணாதவர்களுள் இது 24 சதவீதமே. ஆகவே முதல் சில நாட்களின் தடுமாற்றத்தைத் தடுப்பது பின்னாளைய நலனுக்கும் உகந்தது.

உறவினர் செய்ய வேண்டியவை

தடுக்க முடியுமா? ஓரளவு நிச்சயமாக முடியும். அதற்கு வேண்டியவை விலையுயர்ந்த கருவிகள் அல்ல. அமெரிக்காவின் ஏல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மருத்துவமனையில், நோயுற்றுச் சேர்ந்த 70 வயதும் அதற்கு மேலும் உடைய 852 பேரிடம் ஒரு திட்டத்தை நடத்திப் பார்த்தனர். நாளும் கிழமையும் எடுத்துச் சொல்வது, கண்ணாடியும் காதுக் கருவியும் கொடுப்பது, நீர் அருந்தச் செய்வது, விரைவில் எழுப்பி நடக்க வைப்பது, தூக்க மாத்திரை இன்றி உறங்கச் செய்வது ஆகியனவே அத்திட்டம். 1999-இல் வெளிவந்த முடிவின்படி, வழக்கமான கவனிப்பில் 15 சதவீதமாக இருந்த டெலிரியம், இக்கவனிப்பில் 9.9 சதவீதமாகக் குறைந்தது. இவற்றுள் எதை நம் மகனும் மகளும் மருமகளும் செய்ய இயலாது?

அறுவைக்கு முன்னர் மருத்துவரிடம் ஒன்றையும் ஒளிக்காதீர்கள். மறதி உண்டா, முன்பு எப்போதாவது அறுவைக்குப் பின் தடுமாறியதுண்டா என்பதைச் சொல்லுங்கள். அன்றாடம் உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும், தூக்க மாத்திரை, சளி மாத்திரை, நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று காட்டுங்கள். குடிப் பழக்கத்தை மானத்துக்கு அஞ்சி மறைப்பது பெருந்தீங்கு. நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் இரண்டு மூன்று நாட்களில் நடுக்கமும் பிதற்றலும் வரும்; முன்பே தெரிந்தால் மருத்துவர் அதற்குத் தக்க ஏற்பாடு செய்வார். பெரியவரின் நிலையை அறிந்தால், மயக்க மருத்துவர் வயதுக்கேற்ப அளவைக் குறைப்பார். மிடசோலம் போன்ற தூக்க மருந்துகளைக் கூடியவரை தவிர்ப்பார். மருத்துவர் சொன்ன நேரத்துக்கு மேல் பெரியவரைப் பட்டினி போடவும் வேண்டா.

அறுவைக்குப் பின்னர், அவருக்கு மிகவும் பழகிய ஒருவர் அருகிலேயே இருக்க வேண்டும். ஊரெல்லாம் திரண்டு சென்று படுக்கையைச் சூழ்ந்து நிற்பது நன்றன்று. மயக்கம் தெளிந்ததும் கண்ணாடி, காதுக் கருவி, பல் செட் ஆகியவற்றைக் கேட்டுக் கொடுங்கள். "இது ஆஸ்பத்திரி, இன்று செவ்வாய்க்கிழமை, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது" என்று அமைதியாகத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். பகலில் வெளிச்சமும் பேச்சும், இரவில் இருளும் அமைதியும் இருக்கட்டும். மருத்துவர் அனுமதித்தவுடன் நீரும் உணவும் கொடுத்து, எழுப்பி உட்கார வைத்து நடக்கச் செய்யுங்கள். வலி இருந்தால் பொறுத்துக்கொள்ளச் சொல்லாமல் செவிலியரிடம் தெரிவியுங்கள். அடக்கிய வலியும் அறிவைக் கலக்கும்.

தடுமாற்றம் தோன்றிவிட்டால் அதட்டாதீர்கள், கட்டிப் போடாதீர்கள், பேய் பிடித்ததென்று வேப்பிலை அடிக்க அழைத்துப் போகாதீர்கள். உடனே மருத்துவருக்குச் சொல்லுங்கள். காய்ச்சல், மூச்சுத் திணறல், சிறுநீர் இறங்காமை, முகமோ கையோ ஒரு பக்கம் சோர்ந்து போதல் ஆகியவை காணப்பட்டால் ஒரு நொடியும் தாமதிக்கலாகாது.

சிகிச்சையே வேண்டாம் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இடுப்பெலும்பு முறிந்தவரை அப்படியே கிடத்தினால் படுக்கைப் புண்ணும், நுரையீரல் சுரமும், கால் நரம்பில் இரத்தக் கட்டும் வரும். வலியாலும் கிடையாலும் அறிவும் கலங்கும். எந்தத் தடுமாற்றத்துக்கு அஞ்சி அறுவையை மறுத்தோமோ, அது வேறு வழியாக வந்து சேரும். அவசரமில்லாத அறுவையானால், இப்போதே வேண்டுமா, வேறு வழி உண்டா, இவர் வயதுக்கு எவ்வளவு ஆபத்து என்று மருத்துவரைக் கேட்டு முடிவு செய்வதே அறிவுடைமை. கேட்பது நம் உரிமை. கேளாமல் மறுப்பது நமக்கே நட்டம்.

பஞ்சாயத்தின் கடமை

இனி உங்களுக்கே உரிய பொறுப்புக்கு வருகிறேன். சொத்துடைய பெரியவர் நோயுற்றுப் படுத்தால், உயில் என்றும் தான பத்திரம் என்றும் காகிதங்கள் தயாராவதை நாம் அறிவோம். அறுவை முடிந்து தெளியாத நாட்களில், "இதில் ஒரு கைநாட்டு வையுங்கள்" என்று நீட்டுவோரும் உண்டு. அவர் வைப்பார், எதில் வைத்தோம் என்பதே அவருக்குத் தெரியாது. சாட்சிக் கையெழுத்துக்கு உறுப்பினராகிய உங்களையே அழைப்பார்கள். அருள்கூர்ந்து மறுத்துவிடுங்கள். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், ஒப்பந்தம் செய்பவர் அதைப் புரிந்துகொண்டு தம் நன்மை தீமையை ஆராயவல்ல தெளிவோடு இருத்தல் வேண்டும் என்கிறது. காய்ச்சலால் பிதற்றுபவர் அந்நிலை நீங்கும்வரை ஒப்பந்தம் செய்ய இயலாது என்பதை அதன் 12-ஆவது பிரிவு எடுத்துக்காட்டாகவே கூறுகிறது. அறுவைக்குப் பின் பிதற்றுபவர் நிலையும் அதுவே.

இதன் மறுபக்கத்தையும் நினைவில் வையுங்கள். தெளிந்த பின் அவர் முழு உரிமையுடைய மனிதர். "அப்பாவுக்கு ஆபரேஷனோடு புத்தி போய்விட்டது" என்று சொல்லி, அவருடைய ஓய்வூதியப் புத்தகத்தையும் நிலப் பட்டாவையும் பிள்ளைகள் தம் கையில் வைத்துக்கொள்ள எவருக்கும் உரிமையில்லை. கிராம சபையில் அவர் எழுந்து பேசினால், "கிழவர் உளறுகிறார்" என்று அமரச் செய்யவும் கூடாது.

ஆகவே ஒவ்வொரு உறுப்பினரும் தம் வார்டில் அறுவைச் சிகிச்சை முடிந்து திரும்பிய முதியோர் யார் யார் என்பதை அறிந்திருங்கள். அவர்கள் வீட்டுக்கு முதல் வாரத்தில் ஒருமுறையும், மூன்று மாதம் கழித்து ஒருமுறையும் சென்று பாருங்கள். உண்கிறாரா, உறங்குகிறாரா, நடக்கிறாரா, பேச்சில் தெளிவு உண்டா என்று கேளுங்கள். தெளிவு திரும்பவில்லையானால் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ, 2021-ஆம் ஆண்டு நம் மாநிலத்தில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளரிடமோ தெரிவித்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள். இதற்குத் தனி நிதி ஒதுக்கீடு வேண்டியதில்லை; தீர்மானம் நிறைவேற்றவும் வேண்டியதில்லை.

பெருமக்களே! கத்தியைப் பிடிப்பது அறுவை மருத்துவர் பொறுப்பு. மருந்தை அளப்பது மயக்க மருத்துவர் பொறுப்பு. உள்ளதைச் சொல்வதும், அருகிலிருந்து தெளிவிப்பதும், தெளியும் மட்டும் அவருடைய மானத்தையும் மண்ணையும் காப்பதும் நம் பொறுப்பு. இம்மூன்றும் சேர்ந்து நடந்தால், நம் ஊர்ப் பெரியவர்கள் அச்சமின்றிச் சிகிச்சைக்குச் சென்று, சென்ற அறிவோடு திரும்பி வருவது எளிதாகும். அதற்கு நீங்கள் ஒவ்வொருவரும் துணை நிற்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.